சிகரம் வழிவிடும் நாட்கள்



ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நான் பயின்ற காலத்தில், எங்கள் பேராசிரியர் ஒருவர் அடிக்கடி ஓர் அறிவுரை கூறுவார். "மாணவன் கேட்கும் வினாவுக்கு விடை தெரியாவிட்டால், தெரியாது என்று நாணமின்றிச் சொல்லிவிடுங்கள், ஆனால் அதை அறிந்துகொள்ளாமல் மறுநாள் வகுப்பறைக்குள் கால் வைக்காதீர்கள்" என்பது அவ்வுரை. பல்லாண்டுகள் ஆசிரியனாகவும், பின்னர்த் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு, மறுநாள் வரை தவணை கேட்க நேர்ந்த வினாக்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் இமயமலையைப் பற்றிய பாடம். எவரெஸ்ட் சிகரத்தை மனிதர் எட்டிய வரலாற்றைக் கூறிக்கொண்டே, கரும்பலகையில் மூன்று தேதிகளை எழுதினேன். ஹில்லாரியும் டென்சிங்கும் முதன்முதலாகச் சிகரம் ஏறியது 1953 மே 29. நம் இந்தியக் குழுவினர் முதன்முதலாக ஏறியது 1965 மே 20. இந்தியப் பெண்களுள் முதல்வராகப் பச்சேந்திரி பால் ஏறியது 1984 மே 23. பின் வரிசையில் அமர்ந்திருந்த ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, மூன்றும் மே மாதமாகவே இருக்கின்றனவே! மற்ற மாதங்களில் அந்த மலைக்கு என்ன நேர்ந்துவிடுகிறது?" என்று கேட்டான். "அப்போதுதானே கோடை விடுமுறை!" என்று மற்றொருவன் கூற, வகுப்பு முழுவதும் நகைத்தது. நானும் நகைத்தேன், ஆயினும் விடை எனக்குத் தெரியவில்லை. மறுநாள் வரை தவணை கேட்டேன். தேடத் தொடங்கிய பிறகு, அந்த வினா எவ்வளவு ஆழமானது என்பதை உணர்ந்தேன்.

எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 8,848.86 மீட்டர் என்பதை நீங்கள் அறிவீர்கள். இவ்வுயரத்தில் நம் முதற்பகை குளிர் என்றே நாம் எண்ணுகிறோம். குளிர் கொடியதுதான். ஆனால் தக்க உடை உடுத்தியவன் குளிரை ஓரளவு தாங்கலாம். குளிரோடு பெருங்காற்றும் சேருமாயின், எந்த உடையும் அவனைக் காக்க இயலாது. எனவே மலையேறும் காலத்தை முடிவுசெய்யும் பொருள்களுள் முதலாவது காற்றேயாகும்.

நிலத்திலிருந்து ஏறத்தாழ 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி, ஆறு போன்று ஒரு பெருங்காற்று ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்கு ஜெட் காற்றோட்டம் என்று பெயர். வெப்பமான தென்பகுதிக் காற்றுக்கும் குளிர்ந்த வடபகுதிக் காற்றுக்கும் உள்ள வேறுபாடே இதனை இயக்குகிறது. குளிர்காலத்தில் இக்காற்றாறு இமயமலையின் மேலாகவே பாய்கிறது. எவரெஸ்டின் உச்சியோ அந்த ஆற்றினுள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை போன்றது. அக்காலத்தில் உச்சியில் மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் காற்று வீசுவதுண்டு. அம்மலையின் படங்களில், சிகரத்திலிருந்து கிழக்கு நோக்கி வெண்கொடி ஒன்று பறப்பதுபோல் நீங்கள் கண்டிருக்கலாம். காற்று வாரி இறைக்கும் பனித்தூளும் மேகமுமே அந்தக் கொடி. அது நீண்டு பறக்கும் நாளில் எவரும் உச்சியை நாடுவதில்லை.

ஏப்ரல், மே மாதங்களில் நம் நாட்டு நிலப்பரப்பும் திபெத்துப் பீடபூமியும் வெயிலால் சூடேறுகின்றன. நாம் கத்திரி வெயில் என்று நொந்துகொள்ளும் காலம் அது. அந்தச் சூட்டினால் தென்பகுதிக்கும் வடபகுதிக்கும் இடையேயுள்ள வெப்ப வேறுபாட்டின் எல்லை வடக்கே நகர்கிறது. அதனுடன் ஜெட் காற்றோட்டமும் மெல்ல மெல்ல நகர்ந்து, இறுதியில் திபெத்துப் பீடபூமிக்கு வடக்கே சென்றுவிடுகிறது. அப்போது சிகரத்தின் மேல் காற்று தணிகிறது.

அவ்வாறாயின் ஜூன், ஜூலை மாதங்களில் நிம்மதியாக ஏறலாமே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் இரண்டாம் பகை வந்து நிற்கிறது. அது நமக்கு உணவளிக்கும் நண்பனாகிய தென்மேற்குப் பருவக்காற்று! ஜூன் முதல் நாளையொட்டிக் கேரளக் கரையைத் தொடும் அக்காற்று, வங்கக் கடல் வழியாகவும் பரவி, ஜூன் இரண்டாம் வாரத்தையொட்டி நேபாளத்தின் கிழக்குப் பகுதியை எட்டுகிறது. நம் வயல்களில் மழையாகப் பொழியும் அந்த ஈரம், அம்மலையின் உயரங்களில் பனியாகக் கொட்டுகிறது. புதுப்பனி, கீழேயுள்ள பழைய பனியுடன் இறுகப் பிணைவதற்குள் சரிவுகளில் குவிந்து, தன் பாரம் தாளாமல் வழுக்கி விழுகிறது. 1922-ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் குழுவினர் திபெத்துப் பக்கமிருந்து எவரெஸ்டை முயன்றபோது, பருவப் பனி விழத் தொடங்கிய பின்னரும் மீண்டும் ஒருமுறை முயலத் துணிந்தனர். ஜூன் 7-ஆம் நாள் வட கணவாய்ச் சரிவில் பனிச்சரிவு ஏற்பட்டு, சுமை தூக்கிச் சென்ற ஏழு பேர் உயிரிழந்தனர். எவரெஸ்டின் மேல் மலையேறும் முயற்சியில் நேர்ந்த முதற் பேரிழப்பு அது.

ஆக, மேற்கிலிருந்து வரும் பெருங்காற்று விலகவேண்டும்; தெற்கிலிருந்து வரும் பருவக்காற்று வந்து சேர்ந்திருக்கக்கூடாது. ஒன்று வாயிலை விட்டு வெளியேறி, மற்றொன்று உள்ளே நுழைவதற்கு இடைப்பட்ட சில நாட்களே மனிதனுக்குக் கிடைக்கின்றன. பெரும்பாலும் அவை மே மாதத்தின் நடுவிலிருந்து இறுதிவரை அமைகின்றன. சில ஆண்டுகளில் பத்து நாட்களுக்கு மேலும் கிடைக்கலாம். சில ஆண்டுகளில் மூன்று நான்கு நாட்களே கிடைக்கலாம். என் மாணவன் கேட்ட வினாவுக்கு முதல் விடை இதுவே.

ஆனால் மழைக்காலம் முடிந்து, செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் வானம் தெளிகிறதல்லவா? அப்போதும் ஓர் இடைவெளி உண்டு. அதை நாடியும் பலர் சென்றிருக்கின்றனர். இருப்பினும் வசந்தத்திற்கும் இலையுதிர் காலத்திற்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று இருக்கிறது. உயர்ந்த மலையில் ஒருவன் நேராக ஏறிவிட முடியாது. காற்றில் பிராணவாயு குறைந்த இடத்தில் வாழ உடல் பழகவேண்டும். அதற்காகச் சில வாரங்கள் ஏறியும் இறங்கியும் படிப்படியாக முகாம்களை அமைக்கவேண்டும். 1953-ஆம் ஆண்டுக் குழுவினர் ஏப்ரல் 12-ஆம் நாள் அடிவார முகாமை அடைந்தனர்; சிகரம் ஏறியதோ 47 நாட்களுக்குப் பின். வசந்த காலத்தில் இந்த வாரங்கள் செல்லச் செல்லக் குளிர் குறைகிறது, காற்று தணிகிறது, பகல் நீள்கிறது. உடல் ஆயத்தமாகும்போது மலையும் ஆயத்தமாகிறது. இலையுதிர் காலத்திலோ வாரங்கள் செல்லச் செல்லக் குளிர் மிகுகிறது, பகல் குறுகுகிறது, ஜெட் காற்றோட்டம் தெற்கே திரும்பி வருகிறது. உடல் ஆயத்தமாகும் வேளையில் வாயில் அடைபடத் தொடங்குகிறது.

1952-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டுக் குழுவினர் இவ்விரண்டு காலங்களையும் ஒரே ஆண்டில் சோதித்தனர். வசந்தத்தில் லாம்பெர்ட்டும் டென்சிங்கும் மே 28-ஆம் நாள் ஏறத்தாழ 8,600 மீட்டர் வரை ஏறினர். அதே ஆண்டின் பிற்பகுதியில் மீண்டும் சென்றபோது, நவம்பர் மாதக் காற்றும் குளிரும் தாக்க, தென் கணவாயைத் தாண்டிச் சிறிது தூரமே செல்ல முடிந்தது. மனிதர் திறம் குறையவில்லை, மாதம் மாறியிருந்தது. 1973-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள் ஜப்பானியர் இருவர் சிகரம் ஏறும்வரை, இலையுதிர் காலத்தில் எவரும் வெற்றி பெறவில்லை.

இலையுதிர் காலத்தில் நம் வங்கக் கடலும் ஓர் ஆபத்தை அனுப்பக்கூடும். 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் ஹுட்ஹுட் என்ற புயல் விசாகப்பட்டினத்தின் அருகே கரை கடந்தது. அதன் எச்சம் வடக்கே நகர்ந்து, இரண்டு நாட்களுக்குப் பின் நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் பெரும் பனிப்புயலாகப் பொழிந்தது. நடைப்பயணிகளும் வழிகாட்டிகளுமாக நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடலோர மீனவனுக்கு விடுக்கப்படும் எச்சரிக்கை, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மலைப்பயணிக்கும் உரியது என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது.

விதியை மீறி வென்றவர்களும் இருக்கிறார்கள். 1980-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள், போலந்து நாட்டு வீரர் இருவர் கடுங்குளிர் காலத்தில் எவரெஸ்டின் உச்சியை அடைந்தனர். அதே ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள், மழைக்காலத்தின் நடுவே கிடைத்த ஒரு சிறு தெளிவைப் பயன்படுத்தி, ரெயின்ஹோல்ட் மெஸ்னர் தனியொருவராய், பிராணவாயுக் கலமின்றி ஏறினார். இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். எவரெஸ்டின் உச்சியில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கும் ஆண்டு முழுவதும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஜனவரியில் ஏறத்தாழ 243 மில்லிமீட்டரும், ஜூலையில் ஏறத்தாழ 255 மில்லிமீட்டரும் ஆகும். இந்த 12 மில்லிமீட்டர் நமக்கு ஒரு பொருட்டன்று. ஆனால் மூச்சு இழுப்பதே பெரும் உழைப்பாகிவிட்ட இடத்தில், அது உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட வேறுபாடாகவும் அமையலாம். குளிர்காலத்தில் மலை குளிர்ச்சியால் மட்டுமன்றி, காற்றின் வறுமையாலும் உயர்ந்துவிடுகிறது என்று கூறலாம்.

ஒவ்வொரு மலைக்கும் உரிய காலம் வேறு என்பதையும் இங்கே குறிப்பிடவேண்டும். காரகோரம் தொடரிலுள்ள கே-2 சிகரம், பருவமழையின் வலிமை குன்றிய மேற்கு மூலையில் இருக்கிறது. எனவே அங்கே ஏறும் காலம் ஜூலையும் ஆகஸ்டும். இத்தாலியர் இருவர் அதை முதன்முதலாக வென்றது 1954 ஜூலை 31. கடுங்குளிர் காலத்தில் அது 2021 ஜனவரி 16 வரை எவருக்கும் வசப்படவில்லை. அன்று நேபாள வீரர் பத்துப் பேர் ஒன்றாக உச்சியை அடைந்தனர். தென் அமெரிக்காவின் அகோன்காகுவா சிகரத்திலோ டிசம்பர் முதல் பிப்ரவரி வரையே ஏற்ற காலம். பூமியின் தென்பாதியில் அதுவே கோடையல்லவா?

மாதத்தைத் தேர்ந்துவிட்டால் போதுமா? நாழிகையையும் தேரவேண்டும். வெயில் ஏறினால் பனிக்கட்டி இளகும்; பிற்பகலில் மேகம் திரளும். எனவே எவரெஸ்டில் பனியாற்றின் வெடிப்புகளை விடியுமுன்னே கடக்கின்றனர். உச்சியை நோக்கி இறுதி ஏற்றத்தை இரவிலேயே தொடங்குகின்றனர். பிற்பகல் இன்ன மணிக்குள் உச்சியை அடையாவிட்டால், அது எத்துணை அருகில் இருப்பினும் திரும்பிவிட வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு நேரத்தை வரையறுத்துக்கொள்கின்றனர். 1996 மே 10-ஆம் நாள் சிலர் அவ்வரையறையைக் கடந்தும் ஏறிக்கொண்டிருந்தனர். மாலையில் எழுந்த புயலில், மலையின் இரு பக்கங்களிலுமாக எட்டுப் பேர் உயிர் நீத்தனர். மே மாதமே ஆயினும், ஒரு மாலைப்பொழுது போதுமானதாயிற்று.

மாணவர்களே, திரும்பிவிடு என்று சொல்லுவது எளிது, திரும்புவது எளிதன்று. இதை நான் புத்தகத்தில் மட்டும் கற்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், ஓர் அக்டோபர் மாதச் சனிக்கிழமையன்று, இருபது மாணவர்களை அழைத்துக்கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு சிறு குன்றின்மேல் ஏறினேன். உச்சிக்கு இன்னும் அரைமணி வழியே இருந்தபோது கிழக்கே கருமேகம் திரண்டது. வழிகாட்டியாக வந்த முதியவர், "ஐயா, இறங்கிவிடலாம்" என்றார். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தேன். "இன்னும் கொஞ்சந்தானே" என்று கூறி மேலே நடந்தேன். உச்சியைக் கண்டோம். இறங்கி வருமுன் மழை பிடித்துக்கொண்டது. காலையில் கணுக்கால் நனையக் கடந்த ஓடை, மாலையில் மார்பளவு வெள்ளமாய்ப் பாய்ந்தது. இருட்டில் மூன்று மணி நேரம் கரையில் காத்திருந்தோம். ஒருவருக்கும் ஊறு நேரவில்லை. ஆனால் அடிவாரத்தில் அரிக்கேன் விளக்குகளுடன் நின்றிருந்த பெற்றோர்களின் முகங்களை நான் இன்றும் மறக்கவில்லை. அவர்கள் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. கூறியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த நாளுக்குப் பிறகுதான் நம் நாட்டு எவரெஸ்ட் முயற்சிகளின் வரலாற்றை நான் வேறு கண்கொண்டு படித்தேன். 1960-ஆம் ஆண்டில் பிரிகேடியர் கியான் சிங் தலைமையில் முதல் இந்தியக் குழு சென்றது. மே 25-ஆம் நாள் நவாங் கோம்பு, சோனம் கியாட்சோ, நரேந்திர குமார் ஆகிய மூவரும் ஏறத்தாழ 8,625 மீட்டர் வரை ஏறினர். உச்சிக்கு எஞ்சியிருந்தது சுமார் 220 மீட்டர். காற்று கொடுமையாகச் சீறியது, அவர்கள் திரும்பினர். 1962-ஆம் ஆண்டில் மேஜர் ஜான் டயஸ் தலைமையில் இரண்டாம் குழு சென்றது. மே 30-ஆம் நாள் சோனம் கியாட்சோ, ஹரி டாங், மோகன் கோலி ஆகியோர் ஏறத்தாழ 8,720 மீட்டரை எட்டினர். எஞ்சியது சுமார் 130 மீட்டர்; நம் ஊர்க் கடைத்தெருவின் நீளந்தான். அங்கேயும் வானிலை இடந்தரவில்லை, அவர்களும் திரும்பினர்.

நாடு முழுவதும் வெற்றிச் செய்திக்காகக் காத்திருக்கும்போது, வெறுங்கையோடு இறங்குவதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். திரும்பியதால் அவர்கள் உயிரோடிருந்தனர். உயிரோடிருந்ததால் மீண்டும் வந்தனர். 1965-ஆம் ஆண்டில் மூன்றாம் குழு புறப்பட்டது. அதன் தலைவர், 1962-இல் திரும்பி வந்த மோகன் கோலி. துணைத் தலைவர், 1960-இல் திரும்பி வந்த நரேந்திர குமார். ஏப்ரல் இறுதியில் அவர்கள் செய்த முதல் முயற்சி வானிலையால் தடைப்பட்டது. குழு முழுவதும் அடிவார முகாமுக்கு இறங்கி இரண்டு வாரங்களுக்குமேல் காத்திருந்தது. பின்னர்க் காற்று தணிந்தது. மே 20-ஆம் நாள் நவாங் கோம்புவும் சீமாவும் உச்சியில் நின்றனர். மே 22-ஆம் நாள், இரு முறை ஏமாற்றத்துடன் திரும்பிய சோனம் கியாட்சோ, சோனம் வாங்கியாலுடன் உச்சியை அடைந்தார். மே 29-க்குள் ஒன்பது பேர் சிகரம் ஏறிவிட்டனர்.

இன்று வானிலையை முன்னறியும் கலை மிக வளர்ந்துவிட்டது. 1953-ஆம் ஆண்டுக் குழுவினருக்காக நம் அகில இந்திய வானொலி தனி வானிலை அறிக்கைகளை ஒலிபரப்பியது. கூடாரத்தில் அமர்ந்து அவர்கள் அதைக் கேட்டனர். இன்று செயற்கைக் கோள்களும் கணிப்பொறிகளும் காற்று எந்நாளில் தணியும் என்பதைச் சில நாட்களுக்கு முன்னரே கூறுகின்றன. 2019-ஆம் ஆண்டில் அம்மலையின்மேல் 8,430 மீட்டர் உயரத்திலேயே வானிலைக் கருவிகள் நிறுவப்பட்டன. ஆயினும் அறிவு ஒரு புதிய இடரையும் உடன்கொண்டு வந்தது. நல்ல நாள் இதுவென எல்லோருக்கும் ஒரே வேளையில் தெரிந்துவிடுகிறது. எல்லோரும் அன்றே புறப்படுகின்றனர். 2019 மே மாதத்தில் உச்சிக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதையில் நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நின்ற காட்சியை உலகமே கண்டு திகைத்தது. அவ்வாறு நிற்கும் ஒவ்வொரு நாழிகையிலும் கலத்திலுள்ள பிராணவாயு குறைந்துகொண்டே இருக்கும். வானிலையைக் கருவி சொல்லிவிடும். நிற்பதா, திரும்புவதா என்பதை மனிதன்தான் முடிவுசெய்ய வேண்டும்.

மறுநாள் வகுப்பில் அந்த மாணவனிடம் காற்றையும் மழையையும் பற்றிக் கூறினேன். அவன் கேட்டுவிட்டு, "அப்படியானால், ஐயா, அவர்கள் மலையில் செலவழித்த நாட்களுள் பெரும்பகுதி காத்திருந்த நாட்கள்தானா?" என்றான். "ஆம்" என்றேன். அன்று அவ்வளவே சொன்னேன். இன்றாயின் மேலும் ஒரு சொல் சேர்ப்பேன். கரும்பலகையில் நான் எழுதிய தேதிகள் மூன்று. அவற்றோடு 1960 மே 25-ஐயும், 1962 மே 30-ஐயும் எழுதியிருக்க வேண்டும். அவ்விரு நாட்களும் இன்றி 1965 மே 20 இல்லை.